தத்துவம் எழுத நமக்குத் தகுதி உண்டா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல், ‘பி’ பிரிவு)



மலருக்குப் படைப்புகள் வரவேற்கப்படுகின்றன என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டிய அன்றைக்கே கேன்டீனில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "நீ என்னடா குடுக்கப்போறே?" என்று கேட்டார்கள். "ஒரு தத்துவக் கவிதை எழுதலாம்னு இருக்கேன்" என்றேன். அவ்வளவுதான்! பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறிவிட்டது. "தத்துவமா? நாமளா? அதெல்லாம் எம்.ஏ., பிஎச்.டி. படிச்சவங்க சமாச்சாரம்டா. மெக்கானிக்கல்காரன் மெஷினைப் பத்தி எழுது. இல்லேன்னா காதலைப் பத்தி எழுது" என்றான். இன்னொருத்தன் கொஞ்ச நேரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னான். (இவன் என்மேல் உண்மையான அக்கறை உள்ளவன்.) "எழுதறதுதான் எழுதறே, இங்கிலீஷ்ல எழுதுடா. நாளைக்கு இன்டர்வியூவுக்குப் போறப்ப மலரை எடுத்துக் காட்டலாம். தமிழ்ல எழுதினா எவன் பாக்கப்போறான்?"

இரண்டாவது ஆள் பேச்சைத்தான் முதலில் கேட்டேன். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி உட்கார்ந்து, பதினாறு வரியில் ஒரு இங்கிலீஷ் கவிதை எழுதினேன். எக்ஸிஸ்டென்ஸ், எடர்னிட்டி, இல்லூஷன்... எல்லாம் அதில் இருந்தது. இல்லாத பெரிய சொல்லே இல்லை. எழுதி முடித்ததும் எனக்கே கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா ஐந்தாவதோடு நிறுத்திவிட்டுக் கோர்வைக்குப் போனவர். (வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற பட்டுப்புடவைக்கு மூன்று நாடா ஓட்ட வேண்டும். தறியில் இருப்பவருக்குக் கை எட்டாத பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்க, பக்கத்திலேயே ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவன்தான் கோர்வைப் பையன்.) அப்பா தறிக்குழியில் காலை வைத்தபடி நெய்துகொண்டே கேட்டார். நான் முடித்ததும் நாடாவை நிறுத்திவிட்டு, "சத்தம் நல்லா இருக்குதுடா. என்ன சொல்லியிருக்கே?" என்றார்.

"அதாவதுப்பா... இந்த இருப்பு இருக்குதே... அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் ஓடவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, "சரி விடு. இங்கிலீஷ்ல இருக்கறதைத் தமிழ்ல சொல்ல முடியாதுபோல" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார்.

நண்பர்களே, அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. குற்றம் தமிழின்மேல் என்று அவர் நினைத்துவிட்டார். தமிழில் சொல்ல முடியாததல்ல காரணம், அந்தப் பதினாறு வரியில் சொல்வதற்கே ஒன்றும் இல்லை. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள அன்றைக்கு எனக்கு தைரியம் வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அதே வாரத்தில் நடந்தது இது. நான் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மலையாளியின் டீக்கடை இருக்கிறது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் சேட்டன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முணுமுணுப்பார். தினமும் கேட்பதுதான், காதில் வாங்கிக்கொண்டதில்லை. அன்றைக்கு இரண்டு சொல் பளிச்சென்று கேட்டது. ஆவி, தோணி. "சேட்டா, ஆவின்னா என்ன, பேயா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு டீ பாய்லரைக் காட்டினார். மேலே குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. "இதுதான் தம்பி ஆவி. ஸ்டீம்! பாட்டில சொல்றது ஸ்டீம் கப்பல்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாமி பாட்டில் ஸ்டீம் கப்பலா?

அந்தப் பாட்டின் பெயர் தெய்வ தசகம். எழுதியவர் ஸ்ரீ நாராயண குரு. 1914-ல் எழுதியது, பத்தே பாட்டு. கேரளத்தில் எத்தனையோ வீடுகளில் விளக்கு வைத்ததும் குழந்தைகள் சொல்கிற பிரார்த்தனை. உலக வாழ்க்கை என்பது கடல், கடவுள் மாலுமி, அவர் திருவடி அந்தக் கடலைத் தாண்டுகிற நீராவிக் கப்பல் என்று முதல் பாட்டில் வருகிறது. பிறவியைக் கடல் என்பது பழைய உவமை. திருக்குறள் முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது. பழைய புலவர்கள் அந்தக் கடலைத் தாண்ட ஒரு தெப்பத்தையோ புணையையோ கொடுப்பார்கள். இவர் அந்தக் கடலில் ஸ்டீம் கப்பலை விட்டார்! நீராவிப் படகுகள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. தன் காலத்து ஜனங்கள் கண்ணால் பார்த்த இயந்திரத்தை எடுத்து அப்படியே தத்துவத்துக்குள் வைத்துவிட்டார். "மெக்கானிக்கல்காரன் மெஷினைப் பத்தி எழுது" என்று சொன்ன நண்பா, கேட்டுக்கொள்!

நான் சேட்டனிடம், "இது பெரிய தத்துவம் இல்லியா சேட்டா?" என்று கேட்டேன். "தத்துவமா? தெரியாது தம்பி. சின்னதுல இருந்து சொல்றது. சொல்லலைன்னா ராத்திரி ஆகாத மாதிரி இருக்கும்" என்றார்.

இப்போது அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். அதை விட்டு எனக்கு நகர மனசில்லை. ஆவி என்றால் தமிழிலும் நீராவி. ஆவி என்றால் உயிர். ஆவி துடிக்கிறது என்கிறோம், ஆவி பிரிந்தது என்கிறோம். பேய்க்கும் அதுதான் பெயர். நம் காதுக்கு அந்தப் பாட்டில் கப்பலும் கேட்கிறது, உயிரும் கேட்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில்! இதை இங்கிலீஷில் கொண்டுபோக வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க முடியும். ஸ்டீம் என்றால் உயிர் போய்விடும். சோல் என்றால் கப்பல் போய்விடும். இங்கிலீஷ் மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு மொழிக்கும் இந்த மாதிரி ஒட்டிப் பிறந்த அர்த்தங்கள் சில இருக்கும். கவிதை எழுதுகிறவன் அந்த ஒட்டைத் தேடிப் பிடிக்கிறான்.

நம் பாடத்திலேயே இதற்கு இன்னொரு உதாரணம் இருக்கிறது. தெர்மல் வகுப்பில் லேட்டன்ட் ஹீட் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 100 டிகிரியில் கொதிக்கிற ஒரு கிலோ தண்ணீர் முழுவதும் ஆவியாக, சாதாரண வாயு அழுத்தத்தில், 2257 கிலோ ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் தெர்மாமீட்டர் ஒரு டிகிரிகூட ஏறாது. அத்தனை வெப்பமும் எங்கே போனது? உள்ளேதான் இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்து வந்த எனக்கு முதல் செமஸ்டரில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றைக் கலக்கும். லேட்டன்ட் ஹீட்டை மனப்பாடம்தான் செய்தேன். அது பள்ளிக்கூடத்தில் படித்த ‘உள்ளுறை வெப்பம்’தான் என்று தெரிந்தபோது, இருட்டு அறையில் சுவிட்சைப் போட்டதுபோல் இருந்தது. தமிழ் ஆசிரியர் சங்கப்பாட்டுக்கு ‘உள்ளுறை உவமம்’ என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார். தொல்காப்பியத்தில் வருவது அது. மேலே பார்த்தால் ஒரு பூவோ நண்டோ எருமையோதான் தெரியும், சொல்ல வந்தது உள்ளே தங்கியிருக்கும். அங்கேயும் உள்ளுறை, இங்கேயும் உள்ளுறை! ஸ்டீம் டேபிளும் தொல்காப்பியமும் ஒரே சொல்லில் சந்தித்துக்கொள்கின்றன. இதைப் பார்த்து ஆச்சரியப்பட எம்.ஏ. பட்டம் வேண்டுமா என்ன?

நாராயண குருவைப் பற்றி அதன்பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சேட்டன் கல்லாப்பெட்டி மேல் பழைய பில் தாளில் மலையாள எழுத்துகளை எழுதிக் காட்டினார். இப்போது தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டுவேன். அவ்வளவுதான் என் மலையாளம், பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.

குரு திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அந்த ஜனங்களுக்குப் பெரிய கோயில்களுக்குள் இடம் கிடையாது. 1888-ல் அருவிப்புரத்தில் தானே ஒரு சிவலிங்கத்தைப் பிரதிஷ்டை செய்தார். அது சரித்திரம், எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல நினைப்பது அவர் எழுத்தைப் பற்றி. மலையாளம், சமஸ்கிருதம், தமிழ் மூன்றிலும் எழுதியிருக்கிறார். ஆமாம், தமிழிலும்! தேவாரப் பதிகங்கள் என்றே அவர் தமிழில் பாடியிருக்கிறார். நம் ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்தார், திருக்குறளில் ஒரு பகுதியையும் செய்தார். யோகம் கற்றுக்கொண்டது தைக்காடு அய்யாவு என்ற தமிழரிடம். தவம் செய்தது கன்னியாகுமரிப் பக்கத்து மருத்துவாழ் மலையில்.

நம்ம ஊருக்கும் அவருக்கும் தொடர்பு இருக்கிறது. அவர் சீடர் கோவிந்தானந்த சுவாமி 1916-ல் காஞ்சிபுரத்தில் நாராயண குரு பெயரில் ஒரு சேவாசிரமம் ஆரம்பித்தார். அதே ஆண்டு குரு திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியைப் பார்த்தார். அந்தச் சந்திப்பை ஒட்டி ஐந்து சமஸ்கிருதப் பாட்டு எழுதினார். நிர்விருதி பஞ்சகம் என்று பெயர். பேர், ஊர், ஜாதி, தொழில், வயது என்று ஒருத்தரை ஒருத்தர் குடைகிற விசாரணைகள் எல்லாம் யாருக்கு நின்றுபோயிற்றோ அவனுக்குத்தான் நிம்மதி என்பது அதன் சாரம். இதைப் படித்தபோது எனக்கு மோட்சம் ஞாபகம் வரவில்லை. அட்மிஷன் ஃபாரம்தான் ஞாபகம் வந்தது! முதல் நாள் ஹாஸ்டல் வராந்தாவில் சீனியர் ஒருத்தர் கேட்டதும் இதே வரிசைதான். "பேரு? ஊரு? அப்பா என்ன பண்றாரு?" அடுத்த கேள்வி வாயில் வராமல் கண்ணில் வந்து நின்றது. தத்துவம் எங்கோ இமயமலையில் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அது நம் வராந்தாவில் நிற்கிறது.

இந்த இடத்தில் என் கட்சிக்கு எதிராக நானே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ‘வீட்டில் இருப்பவருக்குப் புரிகிற மொழியில் எழுது’ என்றுதானே சொல்ல வருகிறேன்? அப்படியானால் குரு ஏன் சமஸ்கிருதத்தில் எழுதினார்? தெய்வ தசகம் குழந்தைக்கும் புரியும். 1916-ல் எழுதிய தர்சன மாலை அப்படி இல்லை. நூறு சுலோகம், முழுக்க சமஸ்கிருதம். அவர் ஊர் ஜனங்களில் எத்தனை பேர் அதைப் படித்திருக்க முடியும்?

ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது இது, தவறென்றால் தமிழாசிரியர்கள் மன்னிக்கவும். அந்தக் காலத்துக்கு சமஸ்கிருதம் ஒரு பூட்டு. வேதாந்தம் எங்கள் சொத்து, உனக்கு எதற்கு என்று சொன்னவர்கள் அந்த மொழிக்குள் இருந்தார்கள். அவர்கள் மொழியிலேயே, அவர்கள் இலக்கணத்திலேயே, அவர்கள் குறை சொல்ல முடியாத அளவுக்கு எழுதிக் காட்டினால் பிறகு என்ன பேச முடியும்? பூட்டைத் திறக்க அந்த மொழி, வீட்டில் விளக்கேற்ற இந்த மொழி. 1925-ல் காந்தியடிகள் சிவகிரிக்கு வந்தபோது, குருவுக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது என்று சொல்லிவிட்டு, மகாத்மாவுக்கு சமஸ்கிருதம் தெரியுமா என்று குரு திருப்பிக் கேட்டாராம். அப்படிச் சொல்வார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை!

நமக்கு இன்றைக்கு இங்கிலீஷ்தான் அந்தப் பூட்டு. அதனால் இன்டர்வியூ யோசனை சொன்ன நண்பனை நான் கேலி செய்ய மாட்டேன். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவன் இங்கிலீஷை வேண்டாம் என்று சொல்வது, சாவியைத் தூக்கிக் கிணற்றில் போடுவது மாதிரி. நம்ம ஊர் அண்ணாவே தமிழில் அவ்வளவு எழுதியவர், 1957-ல் இங்கிலீஷில் ‘ஹோம்லேண்ட்’ என்று வார இதழும் நடத்தினார். நான் சண்டை போடுவது வேறு விஷயத்துக்கு. சொல்ல ஒன்றும் இல்லாதபோது அதை மறைக்கிற போர்வையாக இங்கிலீஷை எடுக்கக்கூடாது. அந்தக் காரியத்தை நான் செய்தேன், அதனால் சொல்கிறேன். (தூய தமிழையும் அப்படிப் போர்வையாக எடுக்கலாம். ‘பிரபஞ்சம்’ என்று நாலு தடவை எழுதினால் தத்துவம் ஆகிவிடாது.)

குருவின் பாட்டுகளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள். நடராஜ குரு அவருடைய நேர் சீடர், பாரிஸில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 1923-ல் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நாராயண குருகுலம் தொடங்கியவர். அவருடைய சீடர் நித்ய சைதன்ய யதி மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதிக் குவித்தார். 1999-ல் மறைந்தார். இரண்டு பேருமே குருவின் ஆத்மோபதேச சதகத்தை இங்கிலீஷில் தந்திருக்கிறார்கள். 1897-ல் எழுதிய நூறு மலையாளப் பாட்டு அது.

சேட்டனிடம் எழுத்துக் கூட்டி அதன் முதல் பாட்டைப் படித்தேன். என்ன ஆச்சரியம்! அறிவு, கரு, கண் என்று வரிசையாக நம் சொற்கள். நாலு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றுபோல் வந்து நிற்கிறது. நம் எதுகையேதான், மலையாளத்தில் த்விதீயாக்ஷர பிராசம் என்கிறார்கள். ‘கரு’ என்ற சொல்லுக்கு நடராஜ குரு இங்கிலீஷில் ‘கோர்’ என்று போட்டார், நடுத்தண்டு மாதிரி. நித்ய சைதன்ய யதியோ அதை மொழிபெயர்க்காமல் கரு என்றே விட்டுவிட்டார். குருவின் மொழியையும் தெரிந்து, இங்கிலீஷையும் கரைத்துக் குடித்தவருக்கே ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியவில்லை! கரு என்றால் நமக்கு வயிற்றில் வளர்கிற உயிரும் அதுதான், கதையின் கருவும் அதுதான். இங்கிலீஷில் எதைப் போட? இதைப் பார்த்தபோது என் பதினாறு வரிக்காக இன்னொரு தடவை வெட்கப்பட்டேன். அவர்கள் ஒரு சொல்லுக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். நான் டிக்‌ஷனரியைப் பார்த்து அள்ளிப் போட்டிருந்தேன்.

இதன் எதிர்த்திசையும் உண்டு. எட்வின் அர்னால்டின் இங்கிலீஷ் காவியமான ‘லைட் ஆஃப் ஏஷியா’வைக் குருவின் சீடர் குமாரன் ஆசான் மலையாளத்தில் ‘ஸ்ரீ புத்த சரிதம்’ என்று பாடினார். நம் கவிமணி ‘ஆசிய ஜோதி’ என்று தமிழில் பாடினார். ஆசிய ஜோதியைப் படிக்கிற யாருக்காவது அது இங்கிலீஷில் இருந்து வந்தது என்று தோன்றுமா? மறுபடி பாவு ஓட்டி நெய்த புடவை அது. (குமாரன் ஆசான் 1924-ல் பல்லனையில் படகு கவிழ்ந்து இறந்துபோனார். குரு தோணியைப் பாடினார், சீடர் தோணியில் போனார். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.)

நம்ம ஊர் ஒன்றும் குறைந்ததில்லை. குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் அரங்கேற்றிய கதை எல்லோருக்கும் தெரியும். முதல் சொல்லான ‘திகடசக்கர’ என்பதற்கு இலக்கண விதி எங்கே என்று ஒருவர் எழுந்து கேட்டார். பாட்டு நின்றது. கடைசியில் முருகனே ஒரு புலவராக வந்து வீரசோழியத்தில் விதி காட்டினார் என்பது கதை. நடந்ததோ இல்லையோ, அந்தக் கதையை உண்டாக்கிய ஊர்க்காரர்களின் மனசைப் பாருங்கள். சாமியே பாட்டுக்கு முதலடி எடுத்துக் கொடுத்திருந்தாலும் சரி, சந்தி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்கிறார்கள்! தூப்புலில் 1268-ல் பிறந்த வேதாந்த தேசிகர் சமஸ்கிருதத்திலும் தமிழிலும் மணிப்பிரவாளத்திலும் எழுதினார். இரண்டு மூன்று மொழியில் தத்துவம் எழுதுவது இந்தத் தெருக்களுக்குப் புதிதல்ல.

சரி, அப்பாவிடம் திரும்பி வருகிறேன். அவருக்கு ஒரு பதில் பாக்கி இருந்ததே.

நூலகத்தில் ஒரு வேதாந்த விளக்கப் புத்தகத்தைப் புரட்டியபோது புடவை மாதிரி ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பிரம்ம சூத்திரத்தில், ‘துணியைப் போல’ என்று பொருள்படும் ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. சங்கரர் அதற்கு விளக்கம் சொல்கிறார். சுருட்டி வைத்த துணியைப் பார்த்தால் அது என்ன, எத்தனை நீளம், எத்தனை அகலம் என்று தெரியாது. விரித்தால் தெரியும். ஆனால் விரித்தது வேறு துணி அல்ல, சுருட்டி இருந்த அதே துணிதான். அதுபோல, காரணத்துக்குள் இருந்ததுதான் காரியமாக விரிகிறது. இதை அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். தமிழில்தான். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

அப்பா முழுக்கக் கேட்டார். "சரிதான். ஆனா ஒண்ணு விட்டுட்டாங்களே" என்றார். என்னப்பா என்றேன். "மடிச்சு வச்சிருக்கறப்ப டேமேஜ் தெரியாது. கடையில விரிச்சுப் பாக்கறப்பதான் தெரியும். கூலியில பிடிக்கறது அப்பதான். மடிப்புலயும் அந்த டேமேஜ் இருந்துச்சில்ல? அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்குதா?"

நான் வாயடைத்துப் போனேன். உலகம் கடவுளிடமிருந்து விரிந்தது என்றால் அதில் இருக்கிற துன்பம் எங்கிருந்து வந்தது? பெரிய பெரிய தத்துவவாதிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. ஐந்தாம் கிளாஸ் படித்த ஒரு நெசவாளி தறிக்குழியில் இருந்து கேட்கிறார். அதுவும் தன் கூலியை வைத்துக் கேட்கிறார். பதில் இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் பதினாறு இங்கிலீஷ் வரியில் இல்லாத தத்துவம் அப்பாவின் ஒரு கேள்வியில் இருந்தது.

அதனால் கேன்டீன் கேள்விக்கு என் பதிலை இங்கே பதிவு செய்கிறேன். தகுதி உண்டு. நம்மிடம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஏனென்றால் பொருள்கள் நம் கையில் இருக்கின்றன. சென்ற ஆண்டு மலரைப் புரட்டினேன். ‘வாழ்க்கை ஒரு பயணம்’, ‘வாழ்க்கை ஒரு வட்டம்’, ‘வாழ்க்கை ஒரு புத்தகம்’ என்று தொடங்குகிற கவிதைகளை எண்ணினேன், மூன்று விரல் மடங்கியதும் நிறுத்திக்கொண்டேன். எழுதியவர்கள் என் நண்பர்கள்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம். வட்டம் என்று எழுதியவன் லேத்தில் வட்டம் கடைந்தவன்! சக்கில் ஜாப்பை மாட்டி, அது நடுவில் நிற்காமல் ஆடினால் சென்டர் பண்ண எத்தனை நேரம் ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அதை எழுதியிருந்தால் அவன் கவிதையில் ஒரு வட்டம் உண்மையாகவே சுற்றியிருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூலில், பஞ்சு சொல்லாகவும், நூற்கிற பெண் புலவனாகவும், அவள் கை வாயாகவும், கதிர் அறிவாகவும் உவமை சொல்லியிருக்கிறது. பவணந்தியார் ராட்டையைப் பக்கத்தில் இருந்து பார்க்காமலா அதை எழுதியிருப்பார்?

மலர்க்குழுவுக்கும் ஒரு விண்ணப்பம். தமிழ்ப் பகுதி, ஆங்கிலப் பகுதி என்று பிரித்து, ஆங்கிலத்தை முன்னால் போடுகிறோம். எதை முன்னால் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒரே மாணவன் ஒரு கவிதையைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி எதிரெதிர்ப் பக்கத்தில் போடுகிற மாதிரி நாலு பக்கம் ஒதுக்குங்கள். மொழிபெயர்ப்பாக வேண்டாம், இரண்டு தடவை எழுதியதாக இருக்கட்டும். எந்தச் சொல் தாண்டியது, எந்தச் சொல் கரையிலேயே நின்றுவிட்டது என்று படிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த இங்கிலீஷ் வகுப்பையும் விட, எந்தத் தமிழ் வகுப்பையும் விட, அதில் நமக்கு அதிகம் தெரியவரும் என்பது என் தாழ்மையான கருத்து.

நான் ஆரம்பித்துவிட்டேன். பழைய இங்கிலீஷ் கவிதையைக் கிழித்துப் போட்டாயிற்று. புதிதாக ஒன்று, தமிழில். பாவு தீர்ந்ததும் புதுப் பாவைப் பழைய பாவோடு அம்மா இழை இழையாகப் பிணைப்பாள், விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு. ஒரு பக்கம் முடிந்துபோனது, ஒரு பக்கம் இனிமேல் வரப்போவது, நடுவில் சாம்பல் விரல். அதைத்தான் எழுதினேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. "பிணைக்கறப்ப அவ பேச மாட்டா, எண்ணிக்கை விட்டுப்போயிடும்னு. அதையும் போடு" என்றார். போட்டுவிட்டேன். மலரின் பின்பக்கத்தில் இருக்கிறது.

அதை இப்போது இங்கிலீஷில் இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி வந்துவிட்டது. ‘பிணை’ என்ற சொல்லில் மட்டும் நின்றுபோயிருக்கிறேன். இழையைப் பிணைக்கிறதும் அதுதான், ஜாமீனும் அதுதான், சங்கப்பாட்டில் பெண் மானும் அதுதான். அந்த இடத்தை வெறுமனே கோடு போட்டு வைத்திருக்கிறேன். யாருக்காவது ஒரு இங்கிலீஷ் சொல் தோன்றினால் ‘பி’ பிரிவில் வந்து சொல்லுங்கள். டீ சேட்டன் கடையில், என் கணக்கில்.